கண்ணாடியில் தண்ணீர் ஆடணும்: சிறிய பாய்லரில் நீர்மட்டம் பார்க்கும் முறை

பிசானம் அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற மாசி மாதத்தில், அம்பாசமுத்திரம் பக்கத்து அரிசி ஆலைகளில் ராத்திரி பகல் பார்க்காமல் நெல் அவிப்பு நடக்கும். நான் பாய்லர் வேலைக்குப் போன முதல் வாரமே அப்படி ஒரு ராத்திரி. உமி இறங்கிக்கொண்டிருந்தது, ஃபேன் இரைந்துகொண்டிருந்தது. மூத்த ஃபயர்மேன் அண்ணாச்சி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே கேட்டார்:

"ஏல, தண்ணி எங்க நிக்கு?"

"பாதிக் கண்ணாடில நிக்கு அண்ணாச்சி."

"நிக்கா, ஆடுதா?"

"அசையாம நிக்கு அண்ணாச்சி."

அவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டார். கண்ணாடிக்கு அடியில் இருக்கும் டிரெயின் காக்கை, அதாவது வடிகால் திருகைத் திறந்து மூடினார். நீர்மட்டம் காட்டும் அந்தக் கண்ணாடிக் குழாய் காலியானது. தண்ணீர் குபுக்கென்று திரும்பி வரவில்லை. எறும்பு ஊருகிற மாதிரி, கீழேயிருந்து மெல்ல மெல்ல ஏறியது. கீழ்க் காக்கின் துவாரத்தில் சேறு பாதி அடைத்திருந்தது. அதை ஊதித் தள்ளிய பிறகு தெரிந்த உண்மையான மட்டம், நான் பார்த்துச் சொன்னதைவிட இரண்டு விரற்கடை கீழே இருந்தது. "கொதிக்கிற தண்ணி நிக்காதுல. அது ஆடணும்" என்றார்.

அன்றிலிருந்து நான் கண்ணாடியை வெறுமனே பார்ப்பதில்லை. தான் காட்டுவது உண்மை என்று அது எனக்கு நிரூபித்துக் காட்ட வேண்டும். அப்படி நிரூபிக்க வைப்பது எப்படி என்பதைத்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன். அரிசி ஆலை, ஆஸ்பத்திரி சலவைக்கூடம், விடுதிச் சமையற்கட்டு என்று நம் பக்கத்தில் மணிக்கு நூறு கிலோ முதல் ஐந்நூறு, அறுநூறு கிலோ வரை ஆவி தருகிற சின்னப் பாய்லரை ஓட்டுகிறவர்களுக்காக இது.

தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்

உலைக்குள் தீ 800 டிகிரிக்கு மேல் இருக்கும். ஆனால் 7 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) பிரஷரில் ஓடுகிற பாய்லரில் தண்ணீரின் சூடு சுமார் 170 டிகிரிதான். உலைத் தகடும் டியூபும் இந்தத் தண்ணீரில் மூழ்கி இருக்கிற வரைக்கும் அவற்றின் சூடு தண்ணீரின் சூட்டை ஒட்டியே இருக்கும். தீயின் வேகத்தை எல்லாம் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. தண்ணீர் இறங்கி, தகட்டின் மறுபக்கத்தில் ஆவி மட்டும் இருந்தால், சூட்டை வாங்க ஆள் இல்லை. 400 டிகிரிக்கு மேல் இரும்பு தன் பலத்தை இழக்கத் தொடங்கும். 600 டிகிரியில் பாதி பலம்கூட இருக்காது. உள்ளே பிரஷர் மட்டும் அதே 7 கிலோ. தகடு பிதுங்கும், பிறகு கிழியும்.

அப்படிக் கிழிந்தால் வெளியே வருவது ஆவி மட்டும் இல்லை. 170 டிகிரியில் இருக்கும் தண்ணீர் வெளிக்காற்றைக் கண்டதும் நூற்றில் 13 பங்கு அந்த நொடியே ஆவியாகிவிடும். 500 லிட்டர் தண்ணீர் இருந்த பாய்லர் என்றால் ஏறக்குறைய 60 கிலோ ஆவி. அதற்கு 100 கன மீட்டர் இடம் வேண்டும். 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம் உள்ள அறை முழுக்க ஒரு நொடியில் ஆவி நிறைகிறது என்று நினைத்துப் பாருங்கள். அந்த அறையில் நிற்பது நாம்.

சேஃப்டி வால்வு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அது பிரஷர் கூடினால்தான் தூக்கும். தண்ணீர் குறைந்தது அதற்குத் தெரியாது.

கண்ணாடியும் மூன்று காக்கும்

பாய்லர் முகப்பில் நிற்கும் கேஜ் கிளாஸுக்கு மூன்று காக் உண்டு. மேலே ஆவிக் காக், கீழே தண்ணீர்க் காக், அதற்கும் கீழே டிரெயின் காக். ஓட்டத்தில் மேல் இரண்டும் திறந்திருக்கும், டிரெயின் மூடியிருக்கும்.

புதிதாக வருகிற தம்பிமார் தவறுகிற இடம் ஒன்று உண்டு. வீட்டுக் குழாயில் கைப்பிடி குழாயோடு ஒரே கோட்டில் இருந்தால் திறந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலான கேஜ் காக்குகளில் இது நேர் எதிர். மூன்று கைப்பிடியும் கீழ்நோக்கித் தொங்கினால்தான் சரியான ஓட்ட நிலை. அதிர்வில் கைப்பிடி தானாக இறங்கினாலும் ஓட்ட நிலைக்கே வரட்டும் என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். உங்கள் பாய்லரில் எப்படி என்பதைக் குளிர்ந்திருக்கும்போதே பார்த்து, பெயிண்டில் குறி போட்டு வையுங்கள்.

கண்ணாடியின் பின்னால் ஒரு தகட்டில் கறுப்பும் வெள்ளையுமாகச் சாய்கோடுகள் வரைந்து ஒட்டுங்கள். தண்ணீர் இருக்கும் பகுதியில் கோடுகள் எதிர்ப்பக்கம் சாய்ந்து தெரியும், ஆவி இருக்கும் பகுதியில் வரைந்தபடியே தெரியும். முழுக்க நிறைந்த கண்ணாடியும் முழுக்கக் காலியான கண்ணாடியும் வெறும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். இந்தக் கோடுகள் இரண்டையும் பிரித்துக் காட்டிவிடும். பத்து ரூபாய் செலவில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறு எனக்குத் தெரியாது.

குறைந்தபட்ச மட்டத்தைச் சிவப்புக் கோடாகவும், ஓட்ட மட்டத்தைப் பச்சைக் கோடாகவும், கேஜ் கிளாஸைச் சுற்றி இருக்கும் காப்புக் கண்ணாடியின் சட்டத்தில் போட்டுவிடுங்கள். சிவப்புக் கோடு எங்கே என்பதைப் பாய்லரோடு வந்த வரைபடம் சொல்லும். ஊகித்துப் போடாதீர்கள்.

காலையில், தீ மூட்டும் முன்

பாய்லர் அறைக்குள் நுழைந்ததும் முதல் வேலை கண்ணாடிதான். உமியோ விறகோ அப்புறம்.

ராத்திரி நின்ற பாய்லர் குளிரும்போது உள்ளே இருந்த ஆவி தண்ணீராகி, வெற்றிடம் உண்டாகும். தண்ணீரை உள்பக்கம் மட்டும் விடும் செக் வால்வு வழியாக, பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டாங்கில் இருந்து தண்ணீரை அது உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மாலையில் பாதியில் விட்ட தண்ணீர் காலையில் கண்ணாடிக்கு மேலே போயிருக்கலாம். அடிச்சேற்றை வெளியேற்றும் ப்ளோடவுன் வால்வு கசிந்திருந்தால் கீழே இறங்கியும் இருக்கலாம். இரண்டையும் எதிர்பார்த்தே பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தண்ணீர் விட்டுச் சமாளிப்பதோடு நிறுத்தாமல், எந்த வழியாகப் போனது என்று கண்டுபிடியுங்கள்.

மேலே உள்ள காற்று வால்வைத் திறந்து வைத்து, குளிர்ந்த நிலையில் தண்ணீரைச் சிவப்புக் கோட்டுக்குச் சற்று மேலே மட்டும் நிறுத்துங்கள். சூடேறும்போது தண்ணீர் விரியும். 30 டிகிரியில் 1,000 லிட்டராக இருக்கும் தண்ணீர் 170 டிகிரிக்குப் போகும்போது சுமார் 110 லிட்டர் கூடுதல் இடம் பிடிக்கும். குளிரிலேயே பச்சைக் கோடு வரை நிரப்பினால், பிரஷர் ஏறும்போது வழிய வழிய நிற்கும். காற்று வால்வில் ஆவி நன்றாக வந்ததும் அதை மூடிவிடலாம். பிரஷர் 1 கிலோ, 2 கிலோ வந்ததும் கண்ணாடியை ஒரு முறை சோதித்துவிட்டுத்தான், ஆவியை வெளியே விடும் மெயின் வால்வைத் தொட வேண்டும்.

கண்ணாடியைச் சோதிப்பது

ஒவ்வொரு ஷிப்டிலும் ஒரு முறையாவது இதைச் செய்ய வேண்டும். இரண்டு கண்ணாடி இருந்தால் ஒன்று முடிந்து அது சரியாக ஓட்டத்துக்கு வந்த பிறகே அடுத்தது. கையுறையும் கண் காப்பும் போட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். டிரெயின் குழாயின் வாய் யார் காலிலும் அடிக்காத இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதலில் தண்ணீர்க் காக், ஆவிக் காக் இரண்டையும் மூடுங்கள். டிரெயினை மெல்லத் திறங்கள். கண்ணாடி காலியாகி, சத்தம் அடங்க வேண்டும். அடங்காமல் சீறிக்கொண்டே இருந்தால் மேல் இரண்டில் ஒரு காக் கசிகிறது.

இப்போது தண்ணீர்க் காக்கை மட்டும் திறங்கள். டிரெயினில் வெள்ளை வெளேர் என்று தண்ணீரும் ஆவியும் கலந்து வேகமாக அடிக்க வேண்டும். மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு மூடுங்கள். வேகம் இல்லாமல் சொட்டினால் கீழ்வழி அடைத்திருக்கிறது.

அடுத்து ஆவிக் காக்கை மட்டும் திறங்கள். உலர்ந்த ஆவி சீறும். சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும்: தண்ணீர் கரகரக்கும், ஆவி விசில் மாதிரி போகும். இதையும் மூன்று எண்ணுவதற்குள் மூடிவிடுங்கள். வெறும் ஆவியை அதிக நேரம் விட்டால் கண்ணாடி சூடேறி விரிசல் விடும்.

இனி டிரெயினை மூடுங்கள். இரண்டு வழியும் திறப்பாக இருக்கிறது என்று தெரிந்தாயிற்று. இதன் பிறகு வருகிற இரண்டு அசைவுதான் சோதனையின் உயிர். அவசரத்தில் பலர் இரண்டு காக்கையும் சேர்த்துத் திறந்து, அதை வீணாக்கிவிடுகிறார்கள்.

தண்ணீர்க் காக்கை மட்டும், மெதுவாகத் திறங்கள். கண்ணாடிக்குள் தண்ணீர் ஏறி, உச்சி வரை நிறைய வேண்டும். மேல்வழி மூடியிருப்பதால், கீழேயிருந்து பாய்லர் பிரஷர் தண்ணீரை முழுக்கத் தள்ளுகிறது. அப்படி நிறைந்தால், பாய்லருக்குள் தண்ணீர் கீழ்த் துவாரத்துக்கு மேலே இருக்கிறது என்பது உறுதி. நிறையாவிட்டால் தண்ணீர் அந்தத் துவாரத்துக்கும் கீழே போய்விட்டது. அதற்கு என்ன செய்வது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பிறகு ஆவிக் காக்கைத் திறங்கள். உச்சியில் நின்ற தண்ணீர் சட்டென்று இறங்கி, தன் மட்டத்துக்கு வந்து, மேலும் கீழும் ஆட வேண்டும். இறங்காமல் உச்சியிலேயே நின்றால் பாய்லரில் தண்ணீர் மேல் துவாரத்தைத் தாண்டி நிற்கிறது. இறங்கி, கண்ணாடியின் அடியையும் தாண்டி மறைந்துவிட்டால், மட்டம் கீழ்த் துவாரத்துக்கும் கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியும் அடிப்பகுதிக்கும் நடுவில் இருக்கிறது.

எழுதினால் நீளமாகத் தெரிகிறது. கை பழகிவிட்டால் ஒரு நிமிஷ வேலை.

கண்ணாடி பொய் சொல்லும் இடங்கள்

ஆவிவழி அடைத்திருந்தால், கண்ணாடியின் மேல்பகுதியில் மாட்டிக்கொண்ட ஆவி குளிர்ந்து தண்ணீராகும். அந்த இடத்தை நிரப்பக் கீழேயிருந்து தண்ணீர் ஏறும். தண்ணீர்வழி அடைத்திருந்தால், மேலேயிருந்து வரும் ஆவி கண்ணாடிக்குள்ளேயே குளிர்ந்து சொட்டுச் சொட்டாகச் சேரும். கவனியுங்கள், இரண்டிலுமே கண்ணாடி இருப்பதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். அடைப்பு வந்த கண்ணாடி நம்மைத் தைரியப்படுத்துகிற பக்கமாகவே பொய் சொல்கிறது. அதனால்தான் அசையாத தண்ணீரைக் கண்டால் அண்ணாச்சிக்குத் தூக்கம் போனது.

இன்னொரு பொய், கறை. பிற்பாடு நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இது நடந்தது. டிசம்பர் மழையில் வாய்க்கால் தண்ணீர் செம்மண் கலந்து வரும். தெளிய விடாமல் அதையே ஃபீட் டாங்கில் ஏற்றியிருந்தார்கள். ஷிப்ட் மாறி நான் உள்ளே போனபோது, பொறுப்பில் இருந்த தம்பி "தண்ணி பாதில இருக்குண்ணே" என்றான். நானும் பார்த்தேன். பாதிக் கண்ணாடியில் பழுப்பாக ஒரு கோடு, பேனாவில் கீறிய மாதிரி. அந்தக் கோட்டின் மேலும் கீழும் நிறம் ஒன்றே போலத் தெரிந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், பின்னால் உள்ள சாய்கோடுகள் இரு பக்கமும் ஒரே திசையில் சாய்ந்திருந்தன. அது நாள்கணக்கில் தண்ணீர் நின்று நின்று படிந்த கறை. கண்ணாடி காலி. டிரெயினைத் திறந்து மூடிப் பார்த்தேன், தண்ணீர்க் காக்கை மட்டும் திறந்தும் எதுவும் ஏறவில்லை. உமியை நிறுத்தினோம், ஃபேனை நிறுத்தினோம், பம்ப் சுவிட்ச் பக்கமே யாரையும் விடவில்லை. மறுநாள் குளிர்ந்த பிறகு திறந்து பார்த்தபோது மேல்வரிசை டியூப் முனைகள் தளர்ந்திருந்தன. அதோடு போயிற்று. அந்தத் தம்பி நல்ல பையன், கவனமானவன். கறையைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது, பொங்கல். அவிப்புத் தொட்டிக்கு ஆவியைத் திடீரென்று முழுக்கத் திறந்தால் பாய்லரில் பிரஷர் விழும். உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் குமிழி விட்டு உப்பும், மட்டம் ஏறினாற்போல் தெரியும். நிஜத்தில் தண்ணீர் குறைந்துகொண்டே இருக்கிறது. ஏறிய மட்டத்தைப் பார்த்து ஆட்டோமேட்டிக் பம்பும் நின்றுவிடும். தொட்டி வால்வை மூடியதும் குமிழி அடங்கி, மட்டம் சரேலென்று கீழே இறங்கும். ஆகவே ஆவி வால்வைச் சிறுகச் சிறுகத் திறங்கள். தொட்டி மாற்றுகிற நேரத்தில் கண்ணை எடுக்காதீர்கள்.

தண்ணீரில் உப்பு கூடினாலும் நுரை கட்டும். தாமிரபரணித் தண்ணீர் மெது நீர். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போர்வெல் தண்ணீர் கடினம். மென்னீராக்கும் கருவி இல்லாமல் அதை ஏற்றினால் காக் துவாரம், மிதவை அறை, டியூப் எல்லாவற்றிலும் காரை (உப்புப் படிவு) பிடிக்கும். மட்டம் பார்ப்பது தண்ணீரின் தரத்தில் இருந்தே தொடங்குகிறது.

ப்ளோடவுன் கொடுக்கும்போது

அடியில் சேரும் சேற்றை வெளியேற்றும் ப்ளோடவுன்தான் நாமே வேண்டும் என்று தண்ணீரைக் குறைக்கிற ஒரே நேரம். மட்டத்தைப் பச்சைக் கோட்டுக்குச் சற்று மேலே வைத்துக்கொண்டு, ஆவி இழுப்பு குறைவான நேரத்தில் கொடுங்கள். வால்வில் வைத்த கையை மூடி முடிக்கும் வரை எடுக்கக் கூடாது. செல்போன் அடித்தாலும் சரி, முதலாளி கூப்பிட்டாலும் சரி. வால்வு இருக்கும் இடத்தில் இருந்து கண்ணாடி தெரியாவிட்டால், கண்ணாடி முன் ஒருவர் நின்று குரல் கொடுக்க வேண்டும்.

மோப்ரேயும் புரோபும்

மிதவை வைத்த மோப்ரே ஆனாலும், மின்கம்பி புரோப் ஆனாலும் வேலை ஒன்றுதான்: ஒரு மட்டத்தில் பம்பை ஓட்டும், மேல் மட்டத்தில் நிறுத்தும், மிகவும் குறைந்தால் மணி அடித்து எரிப்பை நிறுத்தும்.

டீசல், கேஸ் பர்னர் உள்ள பாய்லரில் எரிப்பை நிறுத்து என்றால் தீ அந்த நொடியே அணையும். நம் பக்கத்து உமிப் பாய்லரிலும் விறகுப் பாய்லரிலும் அது ஃபேனை மட்டும்தான் நிறுத்தும். உலையில் கிடக்கும் கங்கு எந்த சுவிட்சுக்கும் கட்டுப்படாது, இன்னும் அரைமணி நேரமாவது கனன்றுகொண்டிருக்கும். எனவே விறகு எரிக்கிற பாய்லரில், மணி அடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கவே முடியாது.

சோதிப்பது எப்படி? மிதவை அறையின் டிரெயினைத் தினமும் திறந்து சேற்றை வெளியேற்றுங்கள். அப்போது பம்ப் ஓட வேண்டும், மேலும் இறங்கும்போது மணி அடிக்க வேண்டும். ஆனால் இது பாதிச் சோதனைதான். டிரெயினைத் திறக்கும்போது தண்ணீர் வேகமாக இறங்கி, சிக்கியிருக்கும் மிதவையைக்கூட இழுத்துவிடும். நிஜத்தில் தண்ணீர் மெதுவாகத்தான் குறையும். ஆகவே குறிப்பிட்ட இடைவெளியில், பாய்லர் தயாரிப்பாளர் சொல்லும் முறைப்படி, பம்பை நிறுத்திவிட்டு மட்டத்தைத் தானாக மெல்ல இறங்க விட்டு, சிவப்புக் கோட்டுக்கு மேலேயே மணி அடிக்கிறதா என்று பாருங்கள். ஒருவர் கண்ணாடியின் முன்னால் நிற்க, இன்னொருவர் பம்ப் சுவிட்சில் கை வைத்திருக்க வேண்டும். கோட்டைத் தொட்டும் மணி அடிக்கவில்லை என்றால், அங்கேயே நிறுத்தித் தண்ணீர் விட்டுவிட்டு, மோப்ரேயைச் சரி செய்யும் வரை பாய்லரை ஓட்டாதீர்கள்.

மணிச் சத்தம் தொல்லையாக இருக்கிறது என்று வயரைக் கழற்றிவிடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைப் பார்த்தால் அன்றே மாட்டச் சொல்லுங்கள். மாட்டாவிட்டால் அந்தப் பாய்லர் முன் நிற்காதீர்கள்.

பம்பின் சத்தத்தையும் காதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இழுப்பில் ஓடும் பாய்லரில் பம்ப் ஓடுவதும் நிற்பதும் ஒரு தாளத்தில் இருக்கும். வழக்கத்தைவிட அதிக நேரம் ஓடினால் தண்ணீர் உள்ளே போகவில்லை: செக் வால்வு கசிகிறது, ஃபீட் டாங்கில் தண்ணீர் இல்லை, அல்லது டாங்க் தண்ணீர் அதிகம் சூடாகி பம்ப் ஆவியைக் கடைகிறது. வெகுநேரம் ஓடாமலே இருந்தாலும் எழுந்து பாருங்கள்.

உங்களுக்கு எத்தனை நிமிஷம்?

இதை ஒவ்வொரு ஃபயர்மேனும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். மணிக்கு 300 கிலோ ஆவி தருகிற பாய்லர் நிமிஷத்துக்கு 5 லிட்டர் தண்ணீரைக் குடிக்கும். உள்ளே நீர்ப்பரப்பு 1 சதுர மீட்டர் என்றால், 1 சென்டிமீட்டர் மட்டம் என்பது 10 லிட்டர். ஆக, 2 நிமிஷத்துக்கு 1 சென்டிமீட்டர் இறங்கும். பச்சைக் கோட்டுக்கும் சிவப்புக் கோட்டுக்கும் 8 சென்டிமீட்டர் இடைவெளி என்றால், பம்ப் நின்ற நொடியில் இருந்து உங்கள் கையில் 16 நிமிஷம். நீர்ப்பரப்பு அரை சதுர மீட்டர் மட்டும் உள்ள நெட்டுப் பாய்லரில் அது 8 நிமிஷம். டீக்கடைக்குப் போய் வருகிற நேரம்.

உங்கள் பாய்லருக்கான கணக்கைப் போட்டு, கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

கரண்ட் போகும்போது இந்த எண்தான் பேசும். ஃபேன் நிற்கிறது, பம்ப் நிற்கிறது, தீ நிற்பதில்லை. உடனே உமியை நிறுத்தி, ஆவி இழுப்பைக் குறைத்து, மட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். ஜெனரேட்டரில் முதலில் மாட்ட வேண்டிய லைன் ஃபீட் பம்ப் லைன்தான், அறை விளக்கு அதற்கு அப்புறம். கரண்ட் இல்லாமல், பாய்லரின் சொந்த ஆவியிலேயே தண்ணீரை உள்ளே தள்ளும் இன்ஜெக்டர் பொருத்தியிருந்தால் வாரம் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

கண்ணாடியில் தண்ணீர் இல்லை

கை முந்திக்கொள்ளும், பம்பைப் போடு என்று மனசு சொல்லும். போடக் கூடாது.

கண்ணாடியைச் சோதித்தபோது தண்ணீர் உச்சி வரை ஏறி, பிறகு அடியில் மறைந்ததா? அப்போது தண்ணீர் இன்னும் கீழ்த் துவாரத்துக்கு மேலேதான் இருக்கிறது. அந்தத் துவாரம் உலைத் தகட்டுக்கும் டியூபுக்கும் மேலே இருக்கிறது என்று உங்கள் பாய்லர் வரைபடத்தில் முன்பே பார்த்து வைத்திருந்தால் மட்டும், தீயைக் குறைத்துவிட்டுத் தண்ணீரை மெதுவாக ஏற்றலாம். பார்த்து வைத்திருக்கவில்லை என்றால் அதையும் காலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் ஏறவே இல்லை என்றால் பம்பைத் தொடாதீர்கள். ஆட்டோவில் இருந்தால் சுவிட்சை அணையுங்கள். பழுத்த தகட்டின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால், அது திடுமென ஆவியாவதோடு தகடும் சுருங்கி வெடிப்பு விடும்.

எரிபொருளை நிறுத்துங்கள். உள்ளே காற்று ஊதும் எஃப்.டி. ஃபேனை நிறுத்துங்கள், சாம்பல் கதவை மூடுங்கள். புகையை வெளியே இழுக்கும் ஐ.டி. ஃபேனை ஒரேயடியாக நிறுத்தினால் தீ வாசல் வழியாக வெளியே பாயக்கூடும், அதனால் புகைவழித் தடுப்புத் தகடான டேம்பரைக் குறைத்து இழுவையைச் சுருக்குங்கள். பக்கவாட்டில் நின்றுகொண்டு முடியும் என்றால் கங்கின் மேல் சாம்பலையோ மணலையோ போட்டு அமுக்குங்கள். கங்கைக் கிளற வேண்டாம், தண்ணீர் ஊற்றவும் வேண்டாம்.

சேஃப்டி வால்வைத் தூக்கி ஆவியை விடாதீர்கள். மெயின் வால்வை வெடுக்கென்று திறக்கவோ மூடவோ வேண்டாம். பிரஷர் திடீரென்று விழுந்தால், மிச்சம் இருக்கும் தண்ணீர் பொங்கி எழுந்து பழுத்த தகட்டில் அடிக்கும்.

மூட்டை தூக்குகிறவர்கள், உமி அள்ளுகிற அக்காமார், வண்டிக்காரர் என்று எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். தீயை அமுக்கியதும் நீங்களும் வெளியே வாருங்கள். பாய்லர் தானாகக் குளிரட்டும், ஒரு ராத்திரி ஆனாலும் ஆகட்டும். குளிர்ந்த பிறகும், தகுதியுள்ளவர் உள்ளே பார்த்துச் சொல்லாமல் தண்ணீர் நிரப்பித் தீ மூட்டக் கூடாது. நெல் புளித்துப் போகும் என்று முதலாளி பதறுவார். ஒரு தொட்டி நெல் போனால் போகட்டும் என்று சொல்லுங்கள்.

சில பாய்லர்களில் உலை உச்சியில் பியூசிபிள் பிளக் இருக்கும். தண்ணீர் வற்றினால் அதன் நடுவில் உள்ள உலோகம் உருகி, ஆவி உலைக்குள் பாய்ந்து தீயை அமர்த்தும். அதன் மேல் காரை படிந்தால் சரியாக வேலை செய்யாது. வருஷச் சோதனையின்போது எடுத்துப் பார்த்து மாற்ற வேண்டும்.

தண்ணீர் கூடிப்போனால் ஆபத்து இவ்வளவு இல்லை. ஆவியோடு தண்ணீரும் குழாயில் போய், சுத்தியலால் அடித்த மாதிரி டமார் டமார் என்று கேட்கும். ஃபீடை நிறுத்தி, மெயின் வால்வைக் கொஞ்சம் குறைத்து, கண்ணாடியைப் பார்த்தபடி ப்ளோடவுனில் இறக்குங்கள்.

கண்ணாடி மாற்றும்போது

பாய்லர் தண்ணீரில் உள்ள காரம் கண்ணாடியை உள்ளிருந்து அரிக்கும். மேல்முனை மெலிந்தாலோ, உள்ளே மங்கல் தட்டினாலோ, கழுவியும் கறை போகாவிட்டாலோ மாற்றிவிடுங்கள். சரியான நீளம், புது வாஷர், வளைவு இல்லாமல் நேராக உட்காருவது ஆகிய மூன்றும் முக்கியம். நட்டைக் கையால் முறுக்கி, ஸ்பானரில் சிறிது மட்டும் திருகுங்கள். ஓட்டத்துக்கு எடுக்கும்போது டிரெயினைத் திறந்து வைத்து, ஆவிக் காக்கை மயிரிழை அளவு திறந்து, கண்ணாடி மெல்லச் சூடேறட்டும். பிறகு டிரெயினை மூடி, தண்ணீர்க் காக், அடுத்து ஆவிக் காக். சூடான கண்ணாடியில் நட்டை முறுக்காதீர்கள். காப்புக் கண்ணாடி இல்லாமல் ஒரு நிமிஷம்கூட ஓட்டாதீர்கள்.

ஓட்டத்தில் கண்ணாடி உடைந்தால் ஈரச் சாக்கால் முகத்தையும் கையையும் மறைத்துக்கொண்டு, பக்கவாட்டில் இருந்து இரண்டு காக்கையும் மூடுங்கள். மற்றக் கண்ணாடியை உடனே சோதியுங்கள்.

சட்டமும் லாக் புக்கும்

1923ஆம் வருஷத்துக் கொதிகலன் சட்டத்தின் இடத்தில் 2025இல் புதிய சட்டம் வந்திருக்கிறது. 25 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உள்ளவை அதற்குள் வராது. கல்யாண மண்டபங்களில் இட்லி அவிக்க வைத்திருக்கும் சின்ன ஆவிக் கலங்கள் பல அந்த வகைதான். சட்டத்துக்கு வெளியே இருந்தாலும் ஆவி சுடுவது அதே மாதிரிதான், கண்ணாடிச் சோதனையை அங்கேயும் விடாதீர்கள். சட்டத்துக்குள் வரும் பாய்லரைத் தகுதிச் சான்று பெற்ற ஆள்தான் ஓட்ட வேண்டும், பாய்லரின் சான்றிதழையும் உரிய காலத்தில் புதுப்பித்திருக்க வேண்டும்.

லாக் புக்கில் மணிக்கு ஒரு முறை மட்டம், பிரஷர், ஃபீட் டாங்க் அளவு எழுதுங்கள். கண்ணாடி சோதித்த நேரத்தையும், மோப்ரே மணி அடித்ததா என்பதையும் எழுதுங்கள். எட்டு மணியில் இருந்து பத்து மணி வரை ஒரே கையெழுத்தில் "பாதி, பாதி, பாதி" என்று இருந்தால் அது உட்கார்ந்த இடத்தில் எழுதியது என்று யாருக்கும் தெரியும்.

ஷிப்ட் மாற்றும்போது, போகிறவர் வாயால் சொல்லிவிட்டுப் போகக் கூடாது. வருகிறவர் தன் கையால் இரண்டு கண்ணாடியையும் சோதித்து, தண்ணீர் ஏறி இறங்கி ஆடுவதைப் பார்த்து, லாக் புக்கில் கையெழுத்துப் போடும் வரை போகிறவர் பாய்லர் முன்னாலேயே நிற்க வேண்டும். சட்டையை மாற்றிக்கொள்வது அதற்கு அப்புறம்.